கெட்டித்தண்ணி

எங்கள் ஊர்ப் பெண்கள் உறைந்த ஏரியில் ஹாக்கி ஆடும்போது யாரும் வாய் திறப்பதில்லை. வெளியூர் அணிகளுக்கு அதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் போனதும் சிரிப்பு நின்றுவிடும். அத்தனை பேர் பாய்ந்து சறுக்குகிற இடத்தில் பூட்ஸின் அடியில் பதித்த கத்தி கீறும் சத்தமும் மட்டை தட்டும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காவிட்டால் பார்க்கிறவர்களுக்கு முதுகு கூசத்தான் செய்யும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஊரான தெரெக்-பெல்லில் எல்லா வீடும் ஒரே வம்சம். எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாலும் சரி, வந்த நாளிலிருந்து மாமனார், அவருடைய அண்ணன் தம்பிகள், புருஷனுக்கு மூத்தவர்கள் என்று ஒரு கூட்டத்தின் பெயரையே வாயில் எடுக்கக் கூடாது. அந்தப் பெயர் ஒலிக்கிற வேறு சொல்லையும் எடுக்கக் கூடாது. எங்கள் அணியில் குமுஷ் என்று ஒருத்தி இருக்கிறாள். பாதிப் பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அவர்களுடைய பெரிய மாமனார் குமுஷ்பெக். குமுஷ் என்றால் வெள்ளி. பந்துக்குப் பதிலாக நாங்கள் ஆடும் வட்டைக் கேட்கிற அவசரத்தில் 'ஏ வெள்ளி, ஏ பளபளப்பு' என்று சொல் தேடிக்கொண்டு நின்றால் எதிராளி வட்டைக் கொண்டுபோய்விடுவாள். அதனால் எங்கள் அணியைத் தொடங்கிய துமார்தான் வழி கண்டுபிடித்தாள். வாயால் கூப்பிடாதே, மட்டையால் தட்டு. அவளுக்கு இரண்டு தட்டு. குமுஷுக்கு ஒரு தட்டு, ஓர் இழுப்பு. கோல் வாசலில் நிற்கிற எனக்கு ஒரே ஒரு கனமான தட்டு.

என்னைக் கோல் வாசலில் நிறுத்தியதற்கும் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. "பாத்மா அக்கா நகரவே வேண்டாம். நின்னாலே பாதி வாசல் அடைஞ்சிடும்" என்று துமார் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டு மாடுகளும் ஒரே தொழுவத்தில் நிற்கின்றன.

குளிர்காலத்தில் எங்கள் ஏரி எதுவாக மாறுகிறதோ அதற்கு எங்கள் பேச்சில் முஸ் என்று பெயர். துமாரின் மாமனார் பெயர் முஸாபர். ஊரில் மூத்த கிளைக்காரர். ஆகையால் ஊர் மருமகள் எவளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கெட்டித்தண்ணி என்போம். ஆண்களும் குமரிப் பெண்களும் முஸ் என்பார்கள். எங்களுக்குக் காது கேட்கும், கை எழுதும், வாய் வராது.

முஸாபர் பெரியவர் அந்த ஏரியில்தான் போனார். துமார் கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில், அக்கரையிலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு குதிரைச் சறுக்குவண்டியில் குறுக்கே வந்தபோது இளகியிருந்த கெட்டித்தண்ணி உடைந்தது. கோடையில் வண்டி கிடைத்தது, குதிரையும் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. கபர் இல்லாத மனிதர். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் புல்தான் முளைத்திருக்கிறது.

அவருடைய மனைவி சோனுன் அம்மா வியாழக்கிழமை தவறாமல் ஏரிக்கரைக்குப் போவாள். சின்ன இரும்பு அடுப்பு, வறட்டி, வாணலி, பிசைந்த மாவு. ஏழு வட்ட ரொட்டி தட்டி எண்ணெயில் பொரிப்பாள். இறந்தவர்களுக்கு நாம் கொடுக்கக் கூடிய சாப்பாடு காய்ந்த எண்ணெயின் வாசனை ஒன்றுதான். ரொட்டி உயிரோடிருப்பவர்களுக்கு. ஓதி முடித்து ஆறு ரொட்டியை ஆறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஏழாவதைக் கெட்டித்தண்ணியின் விளிம்பில் வைத்துவிட்டு வருவாள். மறுநாள் காலையில் அது அங்கே இருக்காது. நாய் என்று சொல்லலாம், நரி என்று சொல்லலாம். ஆனால் புதுப் பனி விழுந்த நாட்களில்கூட அங்கே ஒரு கால்தடமும் நான் பார்த்ததில்லை.

துமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிறந்த ஊரில் அண்ணன்மார்களோடு மட்டை பிடித்து வளர்ந்தவள். இங்கே வந்ததும் மற்ற மருமகள்கள் தண்ணீர் மொள்ளக் கெட்டித்தண்ணியில் வெட்டிய துளைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடத்தைப் பெருக்கி வைத்தாள். பால் கேனில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி மழமழப்பாக்கினாள். முதலில் அவள் ஒருத்தி. பிறகு குமுஷ். பிறகு சிரித்துக்கொண்டே நான். காலுக்குக் கவசம் வேண்டுமென்று பழைய கம்பளத்தை அறுத்துத் தைத்துக் கட்டிக்கொண்டோம். ஆட்டு ரோமக் கம்பளத்தில் வட்டு பட்டால் வலிக்காது. ஆனால் நனைந்தால் ஆட்டு மந்தை மாதிரி நாறும்.

அவள் புருஷன் எர்மெக் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அந்த வண்டியில் தொற்றிக்கொண்டு துமார் பக்கத்து ஊர்களுக்குப் போவாள். நானும் இரண்டொரு தடவை போயிருக்கிறேன். அக்-ஜார் என்ற ஊரில் நடந்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அங்கே ஜிப்பார் என்று ஓர் இளம் மருமகள். கண்ணில் ஆசை வழிகிறது. அவளுடைய மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹாக்கியா? என் மருமக ஹாக்கி ஆடப் போனா என் மாட்டை உன் ஆத்தா வந்து கறப்பாளா?"

துமார் தோளில் தொங்கிய சறுக்கு பூட்ஸை இறக்கி வைத்துவிட்டு, "எங்க ஆத்தாவுக்குக் கை வலி. நான் கறக்கறேன். வாளி எங்கம்மா?" என்றாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி!"

"மாடு விளையாட்டுக்கா கட்டியிருக்கீங்க? மடி கனத்துப்போய் நிக்குது பாருங்க."

கறந்தாள். சாணி அள்ளினாள். அது வரைக்கும் ஜிப்பார் துமாரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு உறைந்த வாய்க்காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். மூன்றாம் முறை போனபோது அந்த மாமியாரே, "என்னம்மா, எங்க மருமக கால் வளையுதே, அது சரியா?" என்று கேட்டாள். இப்படித்தான் ஊர் ஊராக வளர்ந்தது. துமார் பேசி ஆள் சேர்க்கவில்லை. மாடு கறந்து சேர்த்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் நான்கு ஊர்களில் அணி இருந்தது. மாகாண விளையாட்டு அலுவலகத்திலிருந்து தொக்தோசுன் என்பவர் போனில் பேசினார். துமார் ஒலியைக் கூட்டி வைத்தாள். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"தங்கச்சி, இந்த மாகாணத்துல பெண்கள் ஹாக்கின்னு ஒண்ணு இருக்குன்னு மேல சொன்னா சிரிக்கறாங்க. நாலு அணி ஒரே நாள்ல ஒரே இடத்துல ஆடி முடிக்கணும், நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா அடுத்த வருஷத்துலேருந்து மாகாணப் போட்டியில சேத்துடுவேன். பயிற்சிக்கு ஆள், பூட்ஸ், எல்லாம் வரும். நடக்கலைன்னா இதோட விட்டுடுங்க, எனக்கும் மானம் போகும்."

"என்னைக்கு அண்ணா?"

"பஸ் கிடைக்கறது வியாழக்கிழமைதான்."

துமார் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அன்று மாலை துமார் வீட்டில் மாவு உருட்டிப்போட்ட கறிச் சூப், எனக்கும் ஒரு கிண்ணம். சோனுன் அம்மா மூத்தவர்களுக்கான மேல் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எர்மெக் சூப்பில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். மாமியார் மருமகள் பேச்சில் அவன் எப்போதும் சூப்பின் பக்கம்தான்.

துமார் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, வியாழக்கிழமை நாலு ஊர்ப் பொண்ணுங்களும் வர்றாங்க. நீங்க கை உயர்த்தி ஒரு துஆ செஞ்சு ஆரம்பிச்சு வைக்கணும்."

"வியாழக்கிழமை ஏரி அவருக்கு."

"கரையில நீங்க எப்பவும் போல ரொட்டி போடுங்க. நாங்க அந்தப் பக்கம் ஆடுவோம்."

"அவர் நெஞ்சு மேல ஆடுவீங்க."

"அம்மா, தினமும் அங்கதானே தண்ணி மொள்றோம்..."

"மொள்றவங்க சத்தம் போடறதில்ல."

"நாங்களும் போடறதில்லியே" என்று நான் வாயைக் கொடுத்தேன். "எங்க அணியைப் பாத்து ஊமைங்கன்னு சொல்றாங்க."

சோனுன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "தட்டறீங்களே" என்றாள்.

அவள் துஆ செய்யாமல் எங்கள் ஊர் மருமகள் எவளும் அன்றைக்குக் களத்தில் இறங்க மாட்டாள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள்தான் மூத்த கிளையின் மூத்த பெண். அவள் கை உயராவிட்டால் எங்கள் மாமியார்கள் எங்களைக் கரையிலிருந்தே திருப்பிக் கூட்டிப் போய்விடுவார்கள். எங்கள் அணி இல்லாவிட்டால் அணி மூன்று. மூன்றை வைத்துக்கொண்டு தொக்தோசுனிடம் ஒன்றும் பேச முடியாது.

அந்தத் தட்டு விஷயத்தை நான் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின வாரம் நடந்தது.

மேகம் தாழ்ந்து கிடந்த மதியம். மலைகள் மறைந்து ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கெட்டித்தண்ணி அந்தச் சமயத்தில் முனகும். பழகியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. குளிர் இறுகும்போது நீண்ட ஊளை ஒன்று அக்கரையில் கிளம்பி நம் காலடியில் ஓடி மறுகரைக்குப் போகும். துமார் வட்டோடு வந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் யாரோ தட்டிக் கேட்டார்கள். மூன்று தட்டு. நிதானமான, அவசரமே இல்லாத மூன்று தட்டு. துமார் யோசிக்காமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்தப் பக்கம் யாரும் இல்லை.

எங்கள் அணியில் மூன்று தட்டு யாருக்கும் கிடையாது.

வட்டு போய்க்கொண்டே இருந்தது. அந்த வேகத்துக்கு அது கரை வரை போயிருக்க வேண்டும். கரைக்குப் பாதி தூரத்தில், வெறும் பளபளப்பின் நடுவில், யாரோ மட்டையால் அணைத்துப் பிடித்தது போல் மெத்தென்று நின்றது. கீறல் இல்லை, மணல் இல்லை, பனித் திட்டு இல்லை. நான் போய்க் குனிந்து பார்த்தேன். கீழே கறுப்பு. வெள்ளைக் குமிழிகள் உறைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. துமார்தான் 'பிஸ்மில்லா' சொல்லி எடுத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா. பொண்ணுங்க பயந்துடுவாங்க."

"உனக்குப் பயமா இல்லியா?"

"வட்டைப் பிடிச்சு நிறுத்திக் குடுத்தாரு. கெடுதல் நினைக்கறவங்க அப்படிச் செய்வாங்களா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சூப் சாப்பிட்ட மறுநாள் தொழுவத்தில் பால் கறக்கும்போது சோனுன் அம்மா வந்து மாட்டின் அந்தப் பக்கம் நின்றாள். மாட்டின் முதுகுக்கு மேல் அவள் வெள்ளைத் தலைத்துணி மட்டும் தெரிந்தது.

"பாத்மா, எத்தனை தட்டு கேட்டுது?"

என் கை நின்றுபோனது. "என்னம்மா கேக்கறீங்க?"

"கரையில இருந்து நானும் கேட்டேன். என் காது சரியான்னு பாக்கறேன். எத்தனை?"

"மூணு."

அவள் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள். "வீட்டுக்கு வந்தா சாட்டைப் பிடியால நிலையில மூணு தட்டுவார். நான் அவர் பேரைச் சொன்னதில்ல, அவர் என் பேரைச் சொன்னதில்ல. அவர் தட்டுவார், நான் திறப்பேன். அவ்வளவுதான் எங்க பேச்சு, ஒரு ஆயுசுக்கும்." நான் மறுபடி கறக்க ஆரம்பித்தேன். "எந்தப் பக்கம் கதவுன்னு தெரியாம தட்டிக்கிட்டு இருக்கார். எண்ணெய் வாசனையை வச்சுத்தான் கரை எங்கேன்னு கண்டுபிடிக்கறார். நீங்க நாலு ஊரா சேந்து அங்கங்க தட்டினா அவர் எந்தத் தட்டுக்குப் போவார்? சொல்லு."

அவள் கோபக்காரி என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு விளக்கைக் காற்றில் அணையாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"கூப்பிட்டா வந்துடுவாரோன்னு பயம். வராம ஒரேயடியா போயிடுவாரோன்னும் பயம்" என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்து உறைபனி மூட்டம் ஏரியின் மேல் மார்பளவுக்கு நின்றது. முந்தின நாளே எர்மெக்கும் துமாரும் ஆடுகளத்தைப் பெருக்கி, தண்ணீர் ஊற்றி, ஓரங்களில் பனியைக் குவித்திருந்தார்கள். தெற்கு மூலையில் வெந்நீர் ஊற்று ஏரியில் சேரும் இடம் உண்டு. அங்கே எந்தக் குளிரிலும் கெட்டித்தண்ணி அப்பளம் மாதிரித்தான் இருக்கும். ஊருக்கு அது தெரியும்; வெளியூருக்குத் தெரியாதே என்று துமார் அதைச் சுற்றிச் ஜூனிப்பர் மரக் கிளைகளை நட்டு, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். நானே பார்த்து, "நல்லாத் தெரியுது" என்று சொன்னேன். எங்கள் இருவருக்குமே வேறெதுவும் தோன்றவில்லை.

பஸ் வந்தது. மூன்று ஊர்ப் பெண்களும் மாமியார்களும் இறங்கினார்கள். ஒரு மாமியார் இடுப்பில் பேரப்பிள்ளை, மறு கையில் மருமகளின் மட்டை. தொக்தோசுன் பெரிய ரோமத் தொப்பியோடு இறங்கினார். அவரை எர்மெக்கும் ஆண்களும் ஆடு வெந்துகொண்டிருந்த கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். ஜிப்பார் ஓடிவந்து துமாரைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, எங்க மாமியார் என்ன சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? தோத்துட்டு வந்தா மாடு உன்னைக் கறக்கும்னாங்க!"

கரையில் சோனுன் அம்மாவின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வாணலியில் எண்ணெய் காய ஆரம்பித்த வாசனை மூட்டத்துக்குள் கிடைமட்டமாகப் பரவிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கம்பளக் கவசம் கட்டிக்கொண்டு, மட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு அவள் முன்னால் நின்றார்கள். அவள் தலை நிமிரவில்லை. முதல் ரொட்டியைப் போட்டாள்.

துமார் மண்டியிட்டாள். "அம்மா, துஆ செய்யுங்க."

"ரொட்டி ஆகட்டும்."

"எல்லாரும் காத்திருக்காங்க அம்மா."

"அவரும்தான் காத்திருக்கார்."

எங்கள் மாமியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குமுஷின் மாமியார், "கிளம்புங்கடி, வீட்டுக்குப் போவோம். அவங்க மனசு இல்லாம வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். துமார் எழுந்திருக்கவில்லை. அவள் கண் நிறைந்து, இமையிலேயே உறைந்துகொண்டிருந்தது. நான்கு ஊர் மாடுகளைக் கறந்த கை மடியில் சும்மா கிடந்தது.

வெளியூர்ப் பெண்களுக்கு விஷயம் காதோடு காதாகப் போயிருக்க வேண்டும். அவர்கள் களத்தில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் குமுஷ் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அங்க பாருங்க."

மூட்டத்துக்கு மேல் ஒரு பச்சைத் தலைத்துணி தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஜிப்பார். அவள் கையில் அந்தத் துணியின் ஓரத்திலிருந்து கிழித்த ஒரு துண்டு. நேராகச் சிவப்புத் துணி கட்டிய கிளைகளை நோக்கிப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊற்று இருக்கிறது, கிளை இருக்கிறது, கிளையில் துணி இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைப் பார்த்து என்ன நினைப்பாள்? நேர்ந்துகொள்கிற புனித இடம் என்றுதான் நினைப்பாள். தானும் ஒரு துண்டு கட்டப் போவாள். ஆபத்து என்று நாங்கள் கட்டியது வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

துமார் எழுந்து கத்தினாள். நாங்கள் எல்லோரும் கத்தினோம்.

"ஜிப்பார்! போகாத! திரும்பி வா!"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன், உங்க ஊர் நேர்த்தி இடம் உங்களுக்கு மட்டும்தானா? ஒண்ணே ஒண்ணு கட்டிட்டு வந்துடறேன்!" கையை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாகப் போனாள்.

"கெட்டித்தண்ணி மெலிசு! கெட்டித்தண்ணி!" துமார் தொண்டை கிழியக் கத்தினாள். அக்-ஜார்க்காரிக்கு அந்தச் சொல் என்ன தெரியும்? எங்கள் ஊர் வம்சத்துக்காக எங்கள் வாய் செய்துகொண்ட சொல் அது. நான் சரியான சொல்லைச் சொல்லப் பார்த்தேன். அல்லா சாட்சி, பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அந்த முதல் எழுத்துக்கே வரவில்லை. ஆண்கள் கொட்டகைக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. துமார் ஓடத் தொடங்கினாள்.

மூட்டத்துக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது.

களத்தில் மட்டைகள் எல்லாம் நின்றுவிட்டிருந்தன. அது மேலே கேட்டதல்ல. நிலைக்கதவில் சாட்டைப் பிடி படுகிற மாதிரி, உள்ளிருந்து. கிளைகளுக்குச் சில அடி முன்னால் ஜிப்பார் நின்றாள். குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அப்புறம் மறுபடி ஒரு காலைத் தூக்கினாள்.

"முஸ்!"

என் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"முஸ்! முஸ் உடையுது! படு மகளே, படு! முஸ்!"

சோனுன் அம்மா எழுந்து நின்றிருந்தாள். கையில் எண்ணெய்க் கரண்டி. ஜிப்பார் அந்தச் சொல் காதில் விழுந்த உடனே, பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய பிள்ளை, யோசிக்காமல் குப்புறப் படுத்தாள். அதே நேரம் அவளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு சாட்டை வீசினாற்போல் ஓடிற்று. ஒரு கால் முழங்கால் வரை தண்ணீருக்குள் போனது. மற்ற உடம்பு மேலே கிடந்தது.

துமார் வயிற்றால் ஊர்ந்து போய் மட்டையை நீட்டினாள். அவள் காலைக் குமுஷ் பிடித்துக்கொண்டாள், குமுஷின் காலை இன்னொருத்தி. எல்லோருக்கும் கடைசியில் கனத்துக்கு நான். ஜிப்பார் மட்டையைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் அவளை மெதுவாக, மெதுவாக இழுத்தோம். பின்னால் சோனுன் அம்மாவின் குரல் நிற்கவேயில்லை. அது இப்போது எச்சரிக்கை இல்லை. மூட்டத்தைப் பார்த்து, சத்தம் குறைந்து, முழுப் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முஸாபர். கரை இங்க இருக்கு முஸாபர். நான் இங்கதான் இருக்கேன்."

ஏரி ஒரு தடவை நீளமாக முனகிற்று. அக்கரையில் கிளம்பி, எங்கள் வயிற்றுக்கு அடியில் ஓடி, அடுப்பு இருந்த கரையில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அது வாய் திறக்கவில்லை.

ஜிப்பாரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நனைந்த கம்பளத்தை அறுத்து எடுத்தோம். சோனுன் அம்மா தன் சால்வையால் அவள் காலைத் தேய்த்தாள். பெண் நடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"யாரோ வட்டு கேட்டாங்கன்னு நெனச்சு நின்னேன்மா. கீழ பாத்தா யாரும் இல்ல."

சோனுன் அம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"ஜெயிக்கணும்னுதானா கட்டப் போனே, பேராசைக்காரி?" என்று குமுஷின் மாமியார் பேச்சை மாற்றக் கேட்டாள்.

ஜிப்பார் தலையை ஆட்டினாள். கையில் இன்னும் அந்தப் பச்சைத் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஜெயிக்க இல்ல. துமார் அக்கா அழுதாங்க. இந்த அம்மா மனசு இறங்கி ஆட்டம் நடக்கணும்னுதான்."

சோனுன் அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். வாணலியில் கடைசி ரொட்டி கறுத்துப்போகும் நிலையில் இருந்தது. அதை எடுத்து வடியவைத்தாள். ஏழாவது. கெட்டித்தண்ணியின் விளிம்பைப் பார்த்தாள், பிறகு ஜிப்பாரின் உள்ளங்கையைத் திறந்து பச்சைத் துண்டின் மேலேயே ரொட்டியை வைத்தாள்.

"இது அவர் பங்கு. தின்னு. சூடு ஆறறதுக்குள்ள."

"அவருக்கு?"

"அவருக்கு வாசனை போய்ச் சேந்தாச்சு."

பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தினாள். கரையிலிருந்த நான்கு ஊர்ப் பெண்களும் அப்படியே ஏந்தினோம். வாய்க்குள் ஓதி முகத்தைத் தடவிக்கொண்டாள். "என்னடி பாக்கறீங்க? வெளிச்சம் போயிடப் போவுது, ஆடுங்க" என்றாள்.

மூட்டம் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது; ஆடினோம். தெற்கு மூலைக் கிளைகளிலிருந்து துணியை எல்லாம் அவிழ்த்து, அதற்குப் பதில் எர்மெக் கொட்டகைக் கதவையே கழற்றிக் குறுக்கே நிறுத்தினான். தொக்தோசுன் கறி மணக்கும் வாயோடு வந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் நின்று பார்த்தார். கடைசி ஆட்டம் எங்களுக்கும் அக்-ஜாருக்கும். ஜிப்பார் கால் மரத்துப் போய்க் கரையில் சால்வைக்குள் இருந்தாள். அவள் இல்லாமலே அவர்கள் எங்களைத் தோற்கடித்தார்கள். அவர்கள் அடித்த கடைசி வட்டு என் காலுக்கு நடுவில் போயிற்று. "நின்னாலே போதும்னு சொன்னியே" என்று துமாரைக் கேட்டேன். "காலைச் சேத்து நிக்கணும்னு தனியாச் சொல்லணுமா அக்கா?" என்றாள். தொக்தோசுன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நடந்துடுச்சு தங்கச்சி, நான் பாத்துட்டேன்" என்றார். அடுத்த குளிர்காலத்தில் மாகாணப் போட்டியில் எங்கள் நான்கு ஊரும் இருந்தன. ஐந்தாவது ஊர் ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. வந்த அணிகள் இப்போது எங்களைப் பார்த்து மட்டையால் தட்டித்தான் கேட்கின்றன. சத்தம் போடுவதைவிட அது காதில் நன்றாக விழுகிறதாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமையின் கடைசி நேரத்தைப் பற்றி. பஸ் போய்விட்டது. மூட்டம் விலகி மலைகள் திரும்பி வந்திருந்தன. நானும் துமாரும் களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். சோனுன் அம்மா கரையில் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துமார் வட்டைக் காலால் உருட்டியபடி நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, மட்டையால் இரண்டு தட்டு தட்டினாள். அவளுடைய தட்டு.

காத்திருந்தோம். சோனுன் அம்மாவும் கிளறுவதை நிறுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

துமார் வட்டை இடது பக்கம் தள்ளிவிட்டாள். அன்றைக்குத் தள்ளிய அதே பக்கம், அதே வேகம். அது போயிற்று. கரைக்குப் பாதி தூரத்தில், அன்று நின்ற இடத்தில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது நிற்கவில்லை. பிடிக்க அங்கே யாரும் இல்லை. சுழன்று, மெலிதாகக் கீறிக்கொண்டு, விளிம்பு வரை போய், சோனுன் அம்மாவின் அடுப்புக் காலில் 'டக்' என்று மோதிற்று.

அவள் அதைக் குனிந்து எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். தலைத்துணி நுனியால் துடைத்தாள்.

"வந்து சேந்துட்டார்டி" என்றாள் எங்களைப் பார்த்து. பிறகு வட்டைக் கெட்டித்தண்ணியில் வைத்து, எண்ணெய்க் கரண்டியால் எங்களை நோக்கித் தள்ளிவிட்டாள்.